கரகரப்பை எடுத்துவிட்டார்கள்

தம்பிக்கு,

நான் காதுக்குக் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து, என் இசைத்தட்டுகள் அத்தனையையும் நீ பழைய சாமான் கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாய். இதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதிவிட்டேன். இரண்டுக்கும் சேர்த்துக் கைபேசியில் ஒரு கும்பிடும் கைப் படம் வந்தது. கும்பிட நான் ஒன்றும் சாமி இல்லை. எனக்குப் பதில் வேண்டும். அதனால் மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.

நீயும் உன் மனைவியும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால் அதற்கும் ஒரு படம் வந்திருக்கும். இங்கே எனக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சம். அதுவும் இந்த வருடத்தைத் தாண்டாது என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மணிமணியான கையெழுத்து. ஒரு டாக்டர் எழுதியதை எழுத்துக்கூட்டாமல் படித்தது அதுதான் முதல் தடவை. புரியாமலே இருந்திருக்கலாம்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் போகிற அன்று டாக்ஸியை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, என் இடது காதோரம் குனிந்து கத்தினாய்: "நீதானேக்கா போன்ல சரின்னு சொன்ன! இப்ப வந்து சண்ட போட்டா நான் என்ன பண்றது?" சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மாதம் போனில் நீ கேட்ட எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னேன். அங்கே மழையா என்று கேட்டிருப்பாய், அதற்கும் சரி. சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாய், அதற்கும் சரி. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புப் பலகை முன்னால் உட்கார்ந்து ஊரார் குரலையெல்லாம் காதில் வாங்கிப் போட்டவள், சொந்தத் தம்பியின் குரல் கேட்கவில்லை என்று வாயைத் திறந்து எப்படிச் சொல்வாள்? நீதான் கண்டுபிடித்திருக்க வேண்டும். 'என்னக்கா, என்னைக்கு நீ ஒரு விஷயத்துக்கு உடனே சரின்னு சொல்லியிருக்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அக்கா தகராறு பண்ணாமல் ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றதும் உனக்குச் சந்தேகம் வரவில்லை, சந்தோஷம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பின்னறைக்கு வெள்ளை அடித்திருந்தது. அலமாரிகள் நின்ற இடத்தில் ஒரு கட்டில், பக்கத்தில் கண்ணாடி வைத்த மேசை. தரையில் அலமாரிக் கால்கள் அழுத்தியிருந்த தடம் மட்டும் போகவில்லை. "உனக்குத்தான் கேக்கலையே, அப்புறம் எதுக்குக்கா இத்தன தட்டு? தூசி வேற" என்றாய். உன் மனைவி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். வெள்ளை அடித்ததில் தரையில் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அந்தக் கட்டில் யாருக்கு என்று நீ சொல்லவில்லை. எனக்குத் துணையாக இருக்க உன் மனைவி மூலம் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்கிறாய் என்று பிறகு மாடிவீட்டு டைப்பிஸ்ட் சொல்லித்தான் தெரிந்தது. துணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருந்த துணையை வாரிக் கொடுத்துவிட்டுப் புதுத் துணை தேடாதே என்கிறேன்.

தட்டுகளுக்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை என் கையில் வைத்தாய். எல்லாம் இதற்குள் இருக்கிறது, ஒரு கம்பெனியில் கொடுத்துத் தட்டுகளை ஓட்டிப் பதிவுசெய்தாயிற்று, கரகரப்பையெல்லாம் எடுத்துச் சுத்தம் பண்ணிவிட்டார்கள், இனிக் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றாய். நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்திருப்பாய், ஏதாவது மிஞ்சியிருக்கும்.

தூங்குமூஞ்சியாரை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தப் பெயரை வைத்தவனே நீதான். ஐரோப்பாவில் ஜாஸ் இன்னும் சரியாகக் காலூன்றாத நாளில், நடன விடுதிகளில் கிடார் வாசித்துப் பிழைத்த மனிதர். நான் ஏலத்தில் எடுத்த கிராமபோன் பெட்டியோடு ஓசியாக வந்த தட்டுகளில் அவர் இருந்தார். ஒன்றும் பிடிபடாமல் நான் திரும்பத் திரும்பச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்த நீதான் சொன்னாய்: "அக்கா, இந்த ஆளு நல்லாத் தூங்கிட்டுக் கடைசி நேரத்துல அடிச்சுப் புடிச்சு எந்திரிக்கிறாரு." அதைவிடச் சரியாக அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாளம் விழும். எல்லாரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். இவரை மட்டும் காணோம். இனி வரமாட்டார் என்று மனம் கைவிடுகிற அந்தக் கணத்தில் அவருடைய கம்பி பேசும். அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை வருடம் தட்டுகளைத் தேடி அலைந்தேன்.

பாதிக்கு மேற்பட்ட தட்டுகளில் அவர் பெயரே கிடையாது. பாடியவர் பெயர் இருக்கும், குழுவின் பெயர் இருக்கும். கிடார்க்காரர் யார் என்று போடுகிற வழக்கம் அன்றைக்கு இல்லை. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் உட்கார்ந்து பழகிய யாருக்கும், நம்பர் கேட்பதற்கு முன்னால் மூச்சிழுக்கும் விதத்திலேயே பேசப்போவது யார் என்று தெரிந்துவிடும். அப்படித்தான் இவரையும் பிடித்தேன். கிடாரின் கழுத்தில் மேலிருந்து கீழே இறங்கும்போது அவர் விரல் கம்பியில் உரசும். பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை லேசாக நகர்த்துவது மாதிரி இருக்கும். அந்த உரசல் இருந்தால் அவர். இல்லாவிட்டால் வேறு யாரோ.

வெளிநாட்டில் ஒரு தபால்காரர், அவரும் என்னைப் போல இந்த மனிதரைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நடனப் பாட்டில் வாசிப்பது இவரா, வேறொருவரா என்று எங்கள் இருவருக்கும் ஒரு வருடம் கடிதத்திலேயே அடிதடி நடந்தது. கடைசியில் என் பக்கம் இறங்கிவந்து, 'நீங்கள் சொன்னதே சரி, ஐயா' என்று எழுதினார். நான் ஆம்பிளை இல்லை என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தோற்றது ஒரு பெண்ணிடம் என்று தெரிந்து மனுஷன் வருத்தப்பட வேண்டாமே என்று நானும் விட்டுவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்தபின் அவருடைய மகள் பழைய போர்வையில் சுற்றி அனுப்பிவைத்த தட்டுகளும் நீ கொடுத்தவற்றில் உண்டு.

உன் கருவியை மாடிவீட்டு டைப்பிஸ்டிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டாள். "சூப்பரா இருக்கேக்கா! நேத்துப் பதிவு பண்ணின மாதிரி அவ்வளவு சுத்தம்" என்று பென்சிலால் எழுதினாள். நாற்காலி நகர்வது மாதிரி ஒரு சத்தம் வருகிறதா பார் என்றேன். திரும்பக் கேட்டாள். அதற்கும் மேலே ஒரு தடவை கேட்டாள். பிறகு என்னைப் பாவமாகப் பார்த்து எழுதினாள்: "யாரும் நாற்காலிய நகத்தலையேக்கா." அந்த உரசலையும் கரகரப்பு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள். அதில் இப்போது வாசிப்பது யாரோ ஒருவர்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேட்காத காதுக்கு எதற்கு இத்தனை தட்டு? எனக்குக் கிடார் கேட்டு வெகுநாளாகிறது. ஆனால் கிராமபோன் பெட்டியின் மரத்தில் தாடையை வைத்துக்கொண்டால் தட்டின் கீறல்கள் கேட்கும். ஒவ்வொரு தட்டுக்கும் கீறல் வேறு. இருட்டில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது போல, அந்தக் கீறல்களைப் பிடித்துக்கொண்டு நான் பாட்டுக்குள் இறங்குவேன். இந்தக் கீறல் வந்துவிட்டது, அடுத்து அவர் எழுந்திருப்பார் என்று தெரியும். எழுந்துவிட்டால் மீதி எனக்குள் தானாக ஓடும். உன் கருவியைத் தாடை எலும்பில் வைத்து அழுத்திப் பார்த்தேன், பல்லில் கடித்துக்கூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கைப்பிடியை அறுத்துவிட்டுப் படிகளைக் கழுவி வைத்திருக்கிறாய்.

அவர் துணைக்கு ஒருவரும் இல்லாமல் தனியாக வாசித்த தட்டு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். ஆறு வயதில் அதைக் கீழே போட்டு, விளிம்பிலிருந்து நடுவரை விரிசல் விட வைத்தவன் நீ. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, பசி வந்தபின்தான் வெளியே வந்தாய். அன்றிலிருந்து தட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'டக்' கேட்கும். கேட்டவர்களெல்லாம் ஐயோ கெட்டுப்போச்சே என்பார்கள். எனக்கு இருப்பதிலேயே நன்றாகக் கேட்டது அதுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில்கூட அதைப் போட்டுத் தாடையை வைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனிக்காரர்கள் முதலில் எடுத்தது அந்த 'டக்'கைத்தான் என்று நினைக்கிறேன். அது பெரிய சத்தம் அல்லவா.

தட்டுகளைத் தேடிப் போனேன். டைப்பிஸ்ட் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். பழைய சாமான் கடைக்காரர் உன்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாராம்: "தங்கமான மனுஷன். 'ஒண்ணும் வேணாம், எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டாரு." அவரிடமிருந்து ஒரு காப்பிக் கடைக்காரர் மொத்தமாக வாங்கிப் போய்விட்டாராம். எதற்கு என்று கேட்டேன். டைப்பிஸ்ட் தயங்கித் தயங்கி எழுதிக் காட்டினாள்: "சுவத்துக்காம்."

அந்தக் கடைக்கும் போனோம். ஒரு சுவர் முழுக்க என் தட்டுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கீழே பையன்களும் பெண்களும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் சின்ன வயது. தட்டுகள் என்னுடையவை என்று தெரிந்ததும் பதறிப்போய் நாற்காலி போட்டார். "எடுத்துத் தர்றேன் ஆன்ட்டி" என்றாராம். ஒரு கத்தியைக் கொண்டுவந்து, ஓரத்துத் தட்டு ஒன்றை நெம்பினார். மூன்று துண்டாக அவர் கையோடு வந்தது. போதும் என்றேன். தனி வாசிப்புத் தட்டு அங்கே இல்லையே என்று பார்த்தால், அது கல்லாவுக்கு மேலே இருந்தது. நடுத்துளையைப் பெரிதாக்கி, முள் வைத்துக் கடிகாரம் செய்திருந்தார்கள். விரிசலுக்குப் பசை பூசியிருந்தது. "இது நல்லா ஓடுது ஆன்ட்டி, டைம் கரெக்டாக் காட்டும், நீங்களே வச்சுக்கோங்க" என்றாராம். கழற்றவும் போனார். அது சத்தம் போடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. டைப்பிஸ்டிடம் கேட்கவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு வழிதான் பாக்கி. கம்பெனிக்காரர்கள் சுத்தம் செய்வதற்கு முன் தட்டுகளை உள்ளது உள்ளபடி பதிவுசெய்திருப்பார்கள். அதில் கீறல், உரசல், உன் 'டக்' எல்லாம் இருக்கும். டைப்பிஸ்ட் போன் போட்டுக் கேட்டாள். அந்தப் பதிவை ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவார்களாம். வேலை கொடுத்தவர் கேட்டால்தான் தருவார்களாம். தட்டே இவர்களுடையதுதான் சார் என்று இவள் மன்றாடியிருக்கிறாள். "எங்ககிட்ட அவங்க தம்பி பேருதாம்மா இருக்கு, அவரையே ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். போன இரண்டு கடிதத்திலும் கேட்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். "உங்க தம்பி கும்புடு போட்ட நேரத்துல அதை எழுதியிருக்கலாம்" என்கிறாள் டைப்பிஸ்ட். ஆறு மாதம் இந்த மாதத்தோடு முடிகிறது. நாள் கணக்கில் முன்பின் இருந்தால் இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் முடிந்திருக்கும். முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன்.

இனி ஆகவேண்டியவை.

இதைப் படித்த கையோடு நீ அந்தக் கம்பெனிக்கு எழுத வேண்டும். சுத்தம் செய்யாத பதிவு, ஒரு தட்டு விடாமல். 'இருந்தால் கொடுங்கள்' என்று இழுக்காதே. 'கொடுங்கள்' என்று எழுது.

அழித்துவிட்டோம் என்று அவர்கள் பதில் போட்டால் அதை என்னிடம் மறைக்கக் கூடாது. சர்க்கரை தடவவும் கூடாது. அவர்கள் எழுதியதை எழுதியபடியே அனுப்பு.

துணைக்கு ஆள் பார்ப்பதை உன் மனைவி நிறுத்த வேண்டும். கட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

பதிவு வந்தால் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை மேசையில் வைத்து இணைத்துத் தருவதாக டைப்பிஸ்ட் ஒத்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் பொறுப்பு. காப்பிக் கடைக்காரர் எதையும் நெம்ப வேண்டாம். ஒட்டியது ஒட்டியபடி இருக்கட்டும். டாக்டர் செய்ய ஒன்றும் இல்லை என்று அவரே எழுதிவிட்டார்.

இந்த இடது காதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிக்கும்போதுகூடப் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

பதிவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ ஒருமுறை வர வேண்டும். போனில் கூப்பிடாதே. எதிரில் உட்கார்ந்து பேசு. காதில் கத்த வேண்டாம். உனக்குப் பேச்சு வந்தது என் மடியில்; அம்மா அதற்குள் போய்விட்டாள். எந்தச் சொல்லுக்கு உன் உதடு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தால் போதும்.

நன்றாக இரு.

அக்கா