அளந்து சொல் என்று கேட்ட அண்ணனுக்கு

என் பிரியமான ஜெயா அண்ணா,

என் மணிக்கட்டை முறித்த அண்ணனுக்கும், பத்தாவதோடு தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்த அண்ணனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். இரண்டு பேரும் நீதானா? நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கேள்வியோடுதான் இன்னும் வேலைக்குப் பஸ் ஏறுகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும், பொறுத்துக்கொள்.

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் போய், ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில் பதினாறு வருஷம் தோல் வெட்டினாய். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். முப்பத்தெட்டு வயது வரைக்கும் நீ ஒருத்தர் மேல் கைநீட்டி நான் பார்த்ததில்லை. கோழி அறுக்கக்கூட அண்ணியைத்தான் கூப்பிடுவாய்.

முதலில் கெட்டது உன் வாய். செல்வி அண்ணியை, மகள் மெர்சிக்கு எதிரிலேயே, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் திட்டினாய். எதிர்வீட்டுச் சாவுக்குப் போய், பிணத்தின் பக்கத்தில் நின்று சிரித்தாய். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்பில் உப்பு கம்மி என்று கொதிக்கிற சட்டியைத் தூக்கி அண்ணி மேல் வீசினாய். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிந்துவிட்டது. அண்ணி, கால் தடுக்கி அடுப்பு மேல் விழுந்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். நானும் நம்பினேன்.

அடுத்த மாதம் அவள் தலைமுடியைப் பிடித்து, முகத்தைக் கதவு நிலையில் மோதினாய். முன்பல் இரண்டு தெறித்தது. மெர்சிக்கு அப்போது எட்டு வயது. கீழே கிடந்த பல்லை அவள்தான் பொறுக்கி டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள், டாக்டர் திருப்பி ஒட்டிவிடுவார் என்று. சேதி கேட்டு ஓடிவந்த நான் உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தப் பார்த்தேன். நீ கதவைப் பிடுங்கி என் கை மேல் சாத்தினாய். முதல் தடவை தெரியாமல் பட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். இரண்டாம் தடவை என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சாத்தினாய்.

ஊர் குடி என்றது. சபையில் பிசாசு என்றார்கள். நான் திமிர் என்றேன். வலது கையில் மாவுக்கட்டோடு, இடது கையால் கிறுக்கிக் கிறுக்கி ஸ்டேஷனுக்குப் புகார் எழுதிக் கொடுத்தது நான்தான். ஒரு நாள் வைத்திருந்து, உள்ளங்கால் இரண்டும் வீங்க அடித்து உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது அண்ணா. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தினம் இருபது பேரின் தலையை அந்த மெஷினுக்குள் அனுப்புகிறவள் நான். கூடப்பிறந்தவனின் தலையை ஏன் நினைக்கவில்லை?

நினைத்தது அன்வர் பாய். உன் பக்கத்து மெஷின்காரர், உன் தோஸ்த். ஒரு நாள் கம்பெனியில் நல்ல தோலைக் குறுக்கே வெட்டி வீணாக்கிவிட்டாய் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டிருக்கிறார். நீ தோல் வெட்டுகிற இரும்பு அச்சைத் தூக்கி அவர் மண்டையைப் பார்த்து வீசினாய். தடுக்க நடுவில் வந்த அன்வர் பாயின் தோள்பட்டை எலும்பு உடைந்தது. பிறகு செக்‌ஷனே உன் மேல் விழுந்தது. கேட் பக்கத்துக் கம்பத்தில் கட்டி வைத்து, பெல்ட்டாலும் கட்டையாலும் அடித்தார்கள். உடைந்த தோளோடு அன்வர் பாய்தான் உன் முன்னால் போய் நின்று, "இனிமே அடிக்கிறவன் மொதல்ல என்னை அடிங்கடா" என்றாராம்.

அங்கிருந்தே எனக்கு போன் பண்ணினார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "பாப்பா, இவன் குடிக்கலம்மா. ஒரு மாசமாவே இடது கால் செருப்பு கழண்டு போவுது, வெறுங்காலோட நடக்கிறான், அவனுக்கே தெரியல. நீ இவன் தலைய பாரு."

கை கால் கட்டி, ஊசி போட்டு உன்னைக் கொண்டு வந்தார்கள். முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. அந்த ஷிஃப்ட்டில் நான்தான் இருந்தேன். படம் ஒவ்வொரு அடுக்காக வந்தது. வலது பக்க முன்மூளையில் ஒரு கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. அதைச் சுற்றி வீக்கம், மூளையையே ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற இடம் அது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். மீதி ஸ்கேனையும் நானே முடித்தேன்.

ஆபரேஷன் நடந்தது. வீக்கம் குறைய மருந்து கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் நீ கண் திறந்து என்னைப் பார்த்து, "பாப்பா, சாப்டியா?" என்று கேட்டாய். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரலைக் கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் அடுத்தபடியாக நீ அண்ணியைப் பார்க்கப்போகிறாய் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி வந்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நீ எடுக்கச் சொன்னாய். எடுத்தாள். பல் இல்லாத அந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். பாதிதான் ஞாபகம் இருந்தது உனக்கு. மீதியை நீயே என்னிடம் கேட்டு வாங்கினாய், ஒவ்வொன்றாக. சட்டி, கதவு, டம்ளரில் கிடந்த பல். எல்லாம் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். இரண்டு நாள் சோறு எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரியின் மாலதி டாக்டர் தன் ஆராய்ச்சியைப் பற்றி உன்னிடம் பேச வந்தார். சாதாரண ஸ்கேன் கறுப்பு வெள்ளைப் படம். எது வெளுப்பு, எது கறுப்பு என்று கண்தான் தீர்மானிக்கிறது. டாக்டர் செய்வது அளக்கிற ஸ்கேன். காந்தத்துக்குள் படுக்கவைத்து, ரேடியோ அலையால் மூளையில் இருக்கிற தண்ணீரை ஒரு தட்டுத் தட்டுகிறோம். அது பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று ஒவ்வொரு புள்ளியிலும் கணக்கெடுக்கிறோம். கெட்டுப்போன இடத்தில் தண்ணீர் தாமதமாகத் திரும்பும். கண்ணுக்கு நன்றாக இருப்பதாகத் தெரிகிற இடத்திலும் எண் மாறியிருந்தால், கட்டி அங்கே ஊடுருவத் தொடங்கியிருக்கலாம். நரம்பின் மேலுறை அரித்துப்போகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளையும் அவர் இதே மாதிரிதான் அளந்துகொண்டிருந்தார்.

நான் விளக்கி முடிப்பதற்குள் நீ சொன்னாய், "தோல் மாதிரிதான். கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். வெரல வெச்சு இழுத்துப் பாத்தா உள்ள தளர்ந்திருக்கும்." டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு நீ அவரைக் கேட்டாய்: "டாக்டரம்மா, என் பொண்டாட்டிய அடிச்சது கட்டியா, நானா? அதை அளந்து சொல்ல முடியுமா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "முடியாது ஜெயராஜ். இதுல தண்ணியத்தான் அளக்க முடியும்" என்றார். நீ தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

ரேடியேஷன் முடிந்து மாதம் ஒரு தடவை அந்த ஸ்கேனுக்கு வந்தாய். ஒரே இடத்தில் அசையாமல், அந்தச் சத்தத்தில், வழக்கத்தைவிட பத்து நிமிஷம் ஜாஸ்தி படுத்திருப்பாய். அந்த நான்கு மாதமும் நீ என் பழைய அண்ணன். அண்ணிதான் பழைய அண்ணி இல்லை. நீ தண்ணீர் கேட்டால்கூடத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டுப் பின்னால் போய்விடுவாள். நீ அதைக் குறையாகச் சொல்லவே இல்லை.

நான்காவது ஸ்கேன். சாதாரணப் படம் சுத்தமாக இருந்தது. எண்களை வண்ணமாக மாற்றிப் பார்த்தபோது, வெட்டி எடுத்த இடத்திலிருந்து ஒரு கோடு மூளையின் நடுப்பகுதியைக் கடந்து இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாய்.

"இன்னா பாப்பா, மூஞ்சி மாறுது?"

நான் சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்லவேண்டும். அதுவும் ஆராய்ச்சிக் கணக்கு, உறுதியானதில்லை. அப்படியும் சொல்லிவிட்டேன். நீ உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. "திரும்ப அடிப்பனா?" என்று மட்டும் கேட்டாய். தெரியாது, அடிக்கலாம் என்றேன். எத்தனை நாள் இருக்கிறது என்றாய். அதுவும் தெரியாது என்றேன்.

மறுநாள் அன்வர் பாயைக் கூட்டிக்கொண்டு வந்து, அண்ணியும் மெர்சியும் படுக்கிற ரூம் கதவுக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் வைத்தாய். உனக்கு இடது கையில் தெம்பில்லாததால் ஸ்குரூவை அவர் பிடிக்க, நீ முடுக்கினாய். மெர்சியை உள்ளே நிறுத்தித் தாழ்ப்பாள் போடச் சொல்லி, வெளியிலிருந்து உன் முழு பலத்தோடு இடித்துப் பார்த்தாய். உள்ளே குழந்தை அலறினாள். நீ நிறுத்தவில்லை. கதவு தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் நிறுத்தினாய். அன்று சாயங்காலமே துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற லாட்ஜுக்கு வந்துவிட்டாய். இருந்த நாளெல்லாம் மகளைப் போனில்தான் பார்த்தாய்.

ஐந்து வாரம் அங்கே இருந்தாய். அதற்குள் சாதாரணப் படத்திலும் கட்டி தெரிந்துவிட்டது. கடைசி ஸ்கேனுக்கு உன்னை நான்தான் மெஷினுக்குள் அனுப்பினேன். பாதியில் உள்ளே உதைக்க ஆரம்பித்தாய். நான் ஓடிவந்து பலகையை வெளியே இழுத்தேன். எழுந்த வேகத்தில் என் கழுத்தைப் பிடித்தாய். என் தலையை மெஷினின் விளிம்பில் மூன்று தடவை மோதினாய். நான் "அண்ணா, நான் பாப்பா" என்றேன். "தெரியும்" என்றாய் நீ. இன்னும் ஒரு தடவை மோதினாய். நான்கு பேர் வந்துதான் உன் விரல்களைப் பிரித்தார்கள்.

அந்த "தெரியும்" யாருடையது? எந்த எண் அதைச் சொல்லும்? உன் அசைவில் அந்தக் கடைசி ஸ்கேன் முழுக்கக் கலங்கிப்போய்விட்டது, ஆராய்ச்சிக்கே பயன்படவில்லை. பதினெட்டு நாள் கழித்து, வலிப்பு நிற்காமல் நீ போய்விட்டாய். அப்போது உன் பக்கத்தில் இருந்தது நானும் அன்வர் பாயும்தான்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். டாக்டரின் ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் ராணிப்பேட்டையிலிருந்து சாயிரா என்று ஒரு பெண் வந்தாள், இருபத்தாறு வயது. கையில் எடுத்த பாத்திரமெல்லாம் கீழே விழுகிறது, நடந்தால் தள்ளாடுகிறது. வேலைக்குப் பயந்து நடிக்கிறாள் என்று புருஷன் வீட்டில் அடித்திருக்கிறார்கள். முழங்காலில் சூடு வைத்த தழும்பு இருந்தது. பழைய ஸ்கேனில் இரண்டே புள்ளி, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் அளந்தபோது, வெறும் கண்ணுக்கு நன்றாக இருந்த இடத்திலெல்லாம் எண் ஏறியிருந்தது. முதுகுத்தண்டிலும் தண்ணீர் எடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்தான் என்று டாக்டர் உறுதிசெய்தார். புருஷனை உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார். அவன் தலை நிமிரவில்லை. சாயிரா கேட்டது ஒன்றே ஒன்று: "நான் நடிக்கலன்னு இதுல எழுதிக் குடுங்க." டாக்டர் அந்த வரியை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் இப்போது அம்மா வீட்டில் இருக்கிறாள், மருந்து ஆரம்பித்திருக்கிறது.

அண்ணி உன் கம்பெனியிலேயே ஸ்டிச்சிங்கில் வேலை செய்கிறாள். பல் கட்டிக்கொண்டாள். கல்லறைத் திருநாளுக்கு நான் கூப்பிட்டேன், வரவில்லை. அது கட்டி பண்ணின வேலை அண்ணி என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "கட்டிதான் ரூத்து. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அடி வாங்குனது என் ஒடம்பு. அதுக்குக் கட்டி கிட்டி ஒண்ணும் தெரியாது."

இதற்கு உன்னிடம் பதில் இருக்கிறதா அண்ணா?

மெர்சிக்குப் பதினொன்று நடக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற ஆம்பளை கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினாலே குனிந்துவிடுகிறாள். போன வாரம் என்னிடம், அப்பா கெட்டவரா, நோயாளியா என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டு வந்துவிட்டேன்.

இனிமேல் தள்ளமாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசப்போகிறேன். உன் படத்தைக் காட்டுவேன். கட்டியைக் காட்டுவேன். நீ செய்ததில் ஒன்றையும் குறைக்காமல் சொல்வேன், "தெரியும்" என்றாயே அதையும் சேர்த்து. அவள் உன்னை வெறுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வெறுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அவளுக்கு நல்லவனாகக் காட்டுகிறேன் என்று உன்னை நான் பொய்யாக்கமாட்டேன் அண்ணா, இது சத்தியம்.

உன்னிடம் அடி வாங்கியும் உன்னை விடமுடியாத,
உன் ஒரே தங்கச்சி
ரூத்