பாலத்தில் விற்ற கழுதை

12.7, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. சின்னமனூர்ப் பக்கம் வாழை நிறையச் சாய்ந்துவிட்டதாம். நாளைக்கு மண்டியில் பிஞ்சுத் தாராக வந்து குவியும். சாக்குப் பைக்குச் சொல்லி வைக்க வேண்டும். வேனுக்கு டயர். வீட்டுக்காரி பாண்டியம்மாளுக்குக் கண் சொட்டு மருந்து.

சாயங்காலம் மேசையில் கதை ஆட்டம். மகள் கவிதா பெங்களூரில் பழகிக்கொண்டு வந்தது. அவள் கதையை நடத்துவாள், நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு வேஷம். நான் திருடன். மாப்பிள்ளை பிரபு ஊர் ஊராகப் போகும் பாடகன், கூடவே சொர்ணம் என்று ஒரு கழுதை. கவிதாவோடு படித்த குமுளிக்காரி ஷைனி டீச்சர் வைத்தியச்சி. எடுத்த காரியம் பலித்ததா என்று பகடை சொல்லும். மகள் கூப்பிட்டாளே என்று போய் உட்கார்ந்தேன். இப்போது ஞாயிறானால் மேசையைத் துடைத்து வைப்பதே நான்தான். ஜெயிப்பது பிடித்திருக்கிறது.

இன்றைக்கு ஒரு மலைப்பாலம், காவலுக்குப் பூதம். தாண்ட ஏதாவது கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அதற்கு ஒரு பாட்டுப் பாடப்போகிறேன் என்று வரி யோசித்துக்கொண்டிருந்தார். ஷைனி பூதத்தின் முழங்கால் வலியை விசாரித்தாள். வெகு நேரம் இப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பூதமாகப் பேசிய கவிதாவின் கை மேல் போட்டேன். மாட்டுத் தரகு பார்த்த காலத்துப் பழக்கம். விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவது. அவள் பாவாடை கட்டிய வயசிலேயே கற்றுக்கொண்டாள். மேசை மேல் மாப்பிள்ளை களிமண்ணில் செய்து வைத்திருந்த கழுதையைக் கண்ணால் காட்டினேன். அவள் விரலை மடக்கினாள், நான் நீட்டினேன். துண்டை எடுத்தபோது வியாபாரம் முடிந்திருந்தது. பூதத்துக்குக் கழுதை. எங்களுக்குப் பாலம், எனக்கு மட்டும் மேற்கொண்டு ஒரு வெள்ளிக் குத்துவாள். நல்ல பேரம்.

"மாமா, அது என் கழுதை" என்றார் மாப்பிள்ளை.

"தின்னுட்டு நிக்கிறதைத் தவிர அது என்ன செஞ்சிச்சு மாப்ள? இத்தன நாளு சோறு போட்டதே பெருசு."

ஷைனி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

13.7, திங்கள்

பிஞ்சுத் தார் வந்தது. பாதி ஆடு மாட்டுக்குத்தான் ஆகும். விவசாயிகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுப்படியில் பாண்டியம்மாள் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை, என்ன சொன்னீர்கள் என்று. சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேலை போயி நம்ம வீட்டுல வந்து இருக்காக. அவுக மூஞ்சிக்கு நேரா சோத்தப் பத்தியா பேசுவீக?"

கழுதையைத்தான் சொன்னேன் என்றேன். 

மண்டியில் எடை போடும்போதெல்லாம் அதே நினைப்பு. கழுதையை மட்டுமா சொன்னேன்? போன மாதம் என் தங்கச்சி போனில் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "இருக்காக, சாப்புடுறாக, தூங்குறாக" என்றவன் நான். சத்தமாகத்தான் சொன்னேன். மாடிப்படியில் அவர் செருப்பு கிடந்தது.

15.7, புதன்

சாரல். கூடலூர் லோடு தாமதம். டயர் மாற்றியாகிவிட்டது.

கவிதா மண்டிக்கே வந்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து, தப்பில் பாதி தனக்கு என்றாள். துண்டு விழுந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி குஷியாகிவிட்டதாம். மாட்டேன் என்று கையை இழுத்திருக்க வேண்டுமாம்.

"நீங்க ஜெயிக்க வர்றீகப்பா. அவுக அங்கன வந்துதான் வாயவே தொறக்குறாக. யாரு எதுக்கு உக்கார்றோம்னு மொத நாளே நான் கேட்டிருக்கணும்."

உண்மை. வீட்டில் அவர் பேச்சு 'சரி மாமா', 'போதும் அத்தை', அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சொர்ணத்துக்குக் குரல் கொடுக்கும்போது பார்க்க வேண்டும். வீம்பு, நக்கல், எல்லாம் வரும். ஒருநாள் அந்தக் கழுதை என்னை 'வழுக்கைத் திருடா' என்று கூப்பிட்டது. பாண்டியம்மாள் கதவோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். அதைத்தான் விற்றேன்.

17.7, வெள்ளி

சாப்பிடும்போது மாப்பிள்ளையிடம், மண்டிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும், நீங்களே பார்க்கலாமே என்றேன். "சரி மாமா" என்றார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனார்.

"அவுகளையும் ஒரு வேலைக்கு ஆக்கிட்டா சரியாப் போச்சா?" என்றாள் கவிதா.

எனக்குத் தெரிந்த வழி அதுதான். எதையும் ஒரு உபயோகத்தில் சேர்த்துவிடுவது. பழைய பேப்பரைக்கூட நான் எறிந்ததில்லை.

மன்னிப்புக் கேட்கலாம். நேராகக் கேட்டால் அதற்கும் "சரி மாமா" தான் வரும்.

19.7, ஞாயிறு

காற்று அடங்கிவிட்டது. காலையில் பெரியகுளம் கல்யாணம், மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன்.

ஷைனி வந்தாள். கவிதா கூப்பிட்டதால் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார். குனிந்த தலை. என் திருடன் தனியாகப் பாலத்துக்குத் திரும்பிப் போகிறான் என்றேன். கவிதா குரலைக் கனமாக்கிக்கொண்டு பூதமானாள். கை தானாகத் துண்டுக்குப் போனது. எடுத்து மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். குத்துவாளை வைக்கிறேன், கழுதையைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்டேன்.

"தின்னுட்டு நிக்கிற கழுதைன்னு நீதானடா சொன்ன? இப்ப எதுக்கு?" என்றது பூதம்.

பெற்ற மகள். என் வார்த்தையையே எடுத்து முன்னால் போட்டாள். வேறொரு ஆளாக நின்று பேசுவதில் என்ன கஷ்டம், மண்டியில் சரக்கே வேண்டாம் என்கிற மாதிரி தினமும் முகத்தை வைத்துக்கொள்கிறவன்தானே நான். ஆனால் அதெல்லாம் வாங்குவதற்கு. இங்கே விற்றதைத் திருப்பிக் கேட்க வேண்டும். ஷைனி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள்.

"அது எதுக்கும் ஆக வேணாம். எங்க கூட வந்தது, எங்க கூட இருக்கட்டும். நாந்தான் கேக்காம வித்துப்புட்டேன்."

கவிதா பகடை உருட்டச் சொல்லவில்லை. களிமண் கழுதையை என் பக்கம் நகர்த்தினாள். வா சொர்ணம் என்றேன். குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, அந்தக் குரல் வந்தது.

"வரமாட்டேன். வழுக்கத் திருடன் அடுத்த பாலத்துலயும் விப்பான்."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப நானும் இங்கனயே உக்கார்றேன்."

"எம்புட்டு நேரம்?"

"நீ எந்திரிச்சு நடக்குற வரைக்கும்."

 இன்றைக்குப் போதும் என்றாள் கவிதா. மேசையில் இருந்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை. பாலத்து நடுவில் கழுதை, பக்கத்தில் என் திருடன்.