முகமில்லாமல் நிற்கும் ஒரு கார் பற்றி

அனுப்புநர்:
வெஸ் கிரப்,
பதினோராம் வகுப்பு, கார் டிங்கரிங் மற்றும் பெயின்டிங் பிரிவு,
ஹாஸ்கெட் வட்டாரத் தொழிற்கல்விப் பள்ளி, ஒஹையோ.

பெறுநர்:
திருமதி லொரேன் ஹஃப்மன் அவர்கள்,
கண்காணிப்பாளர், மேற்படி பள்ளி.

பொருள்: வெளியார் வண்டிகளைத் தொடக்கூடாது என்ற தடையிலிருந்து ஒரு காருக்கு விலக்கு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் பட்டறையின் குப்பைத் தொட்டிக்கு இந்த வாரம் மறுபடியும் பெயின்ட் அடிக்கப்பட்டது என்ற செய்தியைத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். அடிப்பூச்சு, நிறம், மேல் பளபளப்பு, எல்லாம் முறைப்படி. அதில் குப்பை போடவே எங்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் தடை உத்தரவுக்குப் பிறகு நாங்கள் பெயின்ட் அடிக்க மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

2. தடைக்கான காரணம் தாங்கள் அறிந்ததே. பள்ளி வாரிய உறுப்பினர் திரு. ஸ்டட்ஸ்மன் அவர்களின் சாம்பல் நிற பிக்கப் வண்டிக்குக் கதவு மாற்றினோம். நிறம் கலந்தவனும் பூசியவனும் நானே. வகுப்பிலேயே கூர்மையான கண் எனக்குத்தான் என்பதையும் தன்னடக்கத்துடன் இங்கே பதிவு செய்கிறேன். கலந்த நிறத்தை ஒரு தகட்டில் பூசி, வண்டியை வெளியே தள்ளி, வெயிலில் ஒப்பிட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியர் திரு. கோவாக் அவர்களின் விதி. ட்யூப் லைட் பொய் சொல்லும் என்பார். அன்று அவர் காய்ச்சலில் விடுப்பு. வெளியே முழங்கால் அளவு பனி. பன்னிரண்டாம் வகுப்பு டார்சி யோடர், "வெளிய தள்ளிப் பாத்துடலாம்டா" என்றாள். "மூக்கு உறைஞ்சு விழுந்தா நீ ஒட்டவைப்பியா? என் கண்ணு போதும்" என்றேன்.

3. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நல்ல வெயில். கதவு மட்டும் வெள்ளரி ஊறுகாய்ப் பச்சையில் இருப்பதாக ஊரே சொன்னது. "என்னப்பா, எந்த டிராக்டர்லேர்ந்து கதவக் கழட்டுன?" என்று திரு. ஸ்டட்ஸ்மனைக் கேட்டவர்களில் போதகரும் ஒருவர். கல்வியாண்டு முடியும்வரை மாணவர்கள் வெளியார் வண்டியைத் தொடக்கூடாது என்று மறுநாளே உத்தரவு வந்தது.

4. இதில் உண்மையில் அடிபட்டவள் டார்சி. மான் மோதிய வண்டிகளை, உதிரிபாக விலையை மட்டும் வாங்கிக்கொண்டு சரிசெய்து தருவது எங்கள் பிரிவின் வழக்கம். அப்படி நவம்பரில் வந்த திருமதி கிளிங்க் அவர்களின் கார் அவள் பொறுப்பில் இருந்தது. திருமதி கிளிங்க் எங்கள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். எங்கள் எல்லோரையும் ஏற்றி இறக்குகிறவர், பேருந்து நிற்கும் இடத்துக்கு வர அடுத்த வீட்டாரிடம் லிஃப்ட் கேட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. "ஏண்டா வெஸ், என் வண்டிக்கு எப்படா மூஞ்சி வைப்பீங்க?" என்று நான் பேருந்தில் ஏறும்போதெல்லாம் கேட்கிறார்.

5. பள்ளி முடிந்ததும் டார்சியை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஊரில் ஒரு பட்டறை சொல்லியிருக்கிறது. மோதிய வண்டி ஒன்றை டிங்கரிங் முதல் பெயின்ட் வரை அவளே முடித்து, ஆசிரியர் சான்றளிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த வண்டி இதுதான். வளைந்ததையெல்லாம் நிமிர்த்திவிட்டாள். புது பானெட் பெயின்டுக்காகச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அவள் யாரிடமும் முறையிடவில்லை. இடைவேளையில் போய் அதன் தூசியைத் துடைத்துவிட்டு வருகிறாள். நான் இந்த மனுவை எழுதுவது தெரிந்தால் என்னை உதைப்பாள்.

6. ஆகவே தடையை என்மீது மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காரை முடிக்க டார்சிக்கு அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு, திரு. ஸ்டட்ஸ்மனின் கதவை என் கையாலேயே மறுபடி பூசித் தருவதாக உறுதி கூறத்தான் எழுத உட்கார்ந்தேன்.

7. என்னால் முடியாது, அம்மா. நான் அன்று கலந்த நிறத்தின் தகட்டையும், சரியான நிறத்தின் தகட்டையும் நேற்று திரு. கோவாக் என் கையில் கொடுத்து, எது எது என்று சொல்லச் சொன்னார். வெட்டவெளி, உச்சி வெயில். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. "எப்பலேர்ந்துடா இப்படி?" என்றார். தேவாலய வாசலில் எல்லோரும் சிரித்ததால்தான் நானும் சிரித்தேன். அந்தப் பச்சையை நான் இதுவரை பார்க்கவே இல்லை. எனவே கதவையும் டார்சியே பூச அனுமதிக்க வேண்டும். பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்துத் தர என்னை விடுங்கள். அதற்குக் கை போதும்.

நாள்: பிப்ரவரி 9
இடம்: ஹாஸ்கெட்

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் மாணவன்,
வெஸ் கிரப்