கெமராவுக்குத் தெரியாத கை

ஜூன் 9, திங்கள்
விடியற்காலையிலேர்ந்து மழை. தோட்டத்து றப்பர் ஸ்டோருக்குள்ள லைட் போட்டுத்தான் வேலை. றப்பர் உருட்டுற ரோலர் மிஷினுக்கு மேல புதுசா ஒரு கெமரா. மாட்டுனது கொழும்பு இஞ்சினியர். சிங்களவரு, மாத்தயான்னு கூப்பிடுறோம். சின்ன வயசு, தமிழ் பரவாயில்லாம பேசுறாரு. உள்ளங்கைய விரிச்சுத் தூக்குனா மிஷின் நின்னுடுமாம். "தூண்ல இருக்குற பட்டன் அமுக்க ஓட வேணாம். இது ஏஐ. நெறைய பேரு கைப்படம் பார்த்துப் படிச்சிருக்கு."

ஒவ்வொருத்தரா தூக்குனோம். நான் இடது கை. நின்னுச்சு. வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்ல. ஆறு வருசத்துக்கு முன்ன இதே ரோலர்ல போனது. அந்தக் கைய யாரும் தூக்கச் சொல்லல.

ஜூன் 10, செவ்வாய்
மத்தவங்க டீக்குப் போன பொறகு வலது கைய தூக்கிப் பார்த்தேன். மிஷின் நிக்கல. நாலு தடவ.

சொல்லணும். சொன்னா? "பிலோமினாவ மிஷின்லேர்ந்து எடுங்க"ம்பாங்க. அப்புறம் மலையில புல்லு வெட்டுற வேலைதான். அட்டக் கடி, வழுக்கல். முட்டி தாங்காது.

இடது கைய தூக்கிப் பழகணும். சோப்பு, தீப்பெட்டி வாங்கணும்.

ஜூன் 13, வெள்ளி
பத்தரை மணி இருக்கும். தனமும் நானும் ஒரே ரோலர், பன்னெண்டு வருசமா. குளிருக்கு சுவெட்டர் போட்டிருந்தா. சுவெட்டர் கை நுனி றப்பர்ல ஒட்டி உள்ள போயிருச்சு. மத்த கையால இழுக்குறா. "பிலோ! ஐயோ பிலோ!"

கைய தூக்குனேன். வலது கை. நிக்கல. இன்னும் ஒசத்தித் தூக்குனேன். இடது கை சும்மா தொங்குது. அப்படி ஒன்னு இருக்குன்னே நெனப்பு வரல. பொறகுதான் தூண்கிட்ட ஓடி செவப்பு பட்டன அடிச்சேன்.

சுவெட்டர் கிழிஞ்சதால கை தப்பிச்சது. ரெண்டு விரல் நுனி நசுங்கிருச்சு. எஹலியகொட ஆஸ்பத்திரியில சேத்தாங்க.

சாப்பிடல. ஜெபம் சொல்லவும் வாய் வரல.

ஜூன் 14, சனி
தனத்தப் பார்க்கப் போனேன். கையில பெரிய கட்டு.
"நீ கை தூக்குனத பார்த்தேன்டி. ஏன் நிக்கல?"
சொன்னேன். செவ்வாக்கெழமையே தெரியும்னும் சொன்னேன்.
சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. "எங்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல."

பஸ் விட்டு எறங்கி நேரா ஸ்டோர் ஐயாகிட்ட. எல்லாத்தையும் சொன்னேன். வேலை போனா போகட்டும்.

ஜூன் 16, திங்கள்
மிஷின நிறுத்தி வச்சிருக்காங்க. மாத்தயா திரும்ப வந்தாரு. என் வலது கைய கெமராவுக்குக் காட்டச் சொன்னாரு. "பய வென்ன எபா அக்கா, பயப்படாதீங்க."

ஸ்க்ரீன்ல என் கை. மூட்டு மூட்டா புள்ளி, நடுவுல கோடு. இல்லாத ரெண்டு விரலுக்கும் புள்ளி! கைய அசைச்சா அதுவும் கூடவே அசையுது.

மாத்தயா மொகம் மாறிப்போச்சு. "விரல மடக்கி வச்சிருக்கீங்கன்னு நெனைக்குது. இப்படி ஒரு கைய அது பார்த்ததே இல்ல." மத்தியானம் வரைக்கும் அதுக்குப் படிக்கக் குடுக்க போட்டோ எடுத்தாரு, திருப்பித் திருப்பி. நனைச்சு, றப்பர் பால் பூசி, எல்லா விதமாவும்.

ஜூன் 18, புதன்
மழை விட்டிருக்கு. சோதனை. வெறும் ரோலர ஓடவிட்டு என்னய பத்து தடவ தூக்கச் சொன்னாங்க. ஒம்பது தடவ நின்னுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க.
"அந்த ஒன்னு?"ன்னு கேட்டேன்.
"அதுவும் சரியாயிடும் அக்கா."

ஸ்டோர் ஐயா பக்கம் திரும்புனேன். "ஐயா, ரோலர் பக்கத்துலயே பட்டன் இல்லாம நாங்க இதுல கை வைக்க மாட்டோங்க." நாங்கன்னு எப்படி வந்துச்சோ. மத்த பொம்பளைங்களும் வேலைய தொடாம நின்னாங்க. ஐயா ஆபீசுக்குள்ள போயிட்டாரு.

மூணு மணிக்கு எலக்ட்ரீஷியன் வயர் சுருளோட வந்தாரு. பட்டன எங்க வைக்கன்னு என்னயத்தான் கேட்டாரு. ரோலர் ஓரமா, இடுப்பு ஒயரத்துல. அமுக்கிப் பார்த்தேன், நின்னுச்சு.
"இன்னும் பயமா?"ன்னாரு.
ஆமான்னேன்.
நாளைக்கு காலையில ஆறரைக்கு மிஷின் ஓடும்.