ஆட்டுக்குச் செய்த கருவி

பிப்ரவரி 9
என் அக்கா, பெரியப்பா மகள் மீரிம் எஜேக்குக் கீழ்ப்பல் வேரடியில் கட்டியாம். அடுத்த வாரம் அறுக்கிறார்கள். கோடை வரை வாயில் இரும்பு படக் கூடாது. கோமுஸ் வாய்க்குள் அதிரும் இரும்பு வாத்தியம்; அதைப் பல்லில் வைக்காமல் வேறு எங்கே வைத்து மீட்டுவது?

வசந்தப் புத்தாண்டான நூருஸ் அன்று பொம்மை நாடகம். மர ஆட்டை ஆட்டுவதும் அவள்தான், அதற்கு வாசிப்பதும் அவள்தான். எல்லாருக்கும் அண்ணனான இயக்குநர் துர்சுன் பைகே சொல்லிவிட்டாராம்: "உடம்பைப் பாரும்மா. வேற ஆள் பார்த்துக்கறேன்."

"கட்டி பல்லுக்கு, வேலை போறது எனக்கு," என்றாள்.

அறுப்பதற்குள் உன் வாயை முழுசாப் பதிவு பண்ணி கீபோர்டுல வெச்சுத் தர்றேன் என்றேன். ஏன் சொன்னேன்? முடியுமா?

பிப்ரவரி 12
எதிரொலி வராமலிருக்க அலமாரிக்குள், கோட்டுகளுக்கு நடுவே அவள். கதவிடுக்கில் மைக். ஆ, ஓ, ஈ — குரல் இல்லை, வாயின் வடிவம் மட்டும். விரல் உள்ளே இழுப்பது தனியாக, வெளியே தள்ளுவது தனியாக.

"எவ்வளவு நேரம்டி? உன் கோட்டு நாத்தம் தாங்கலை." பதிவில் அதுவும் இருக்கிறது. அழிக்கவில்லை.

பிப்ரவரி 15
தோல்வி. எல்லாரும் செய்வதுபோல் பதிவின் ஒரு துண்டை, ஒரே சாம்பிளை, கீபோர்டு முழுக்கப் பரப்பினேன். மேலே போகப் போக எலி. கீழே போகப் போக எருது. மீரிம் எஜே எங்குமே இல்லை.

பிப்ரவரி 16
கோமுஸுக்கு ஒரே சுருதி. மாறுவது வாய். அப்புறம் எதற்குக் கீக்குக் கீ சுருதி மாற வேண்டும்?

அதை அணைத்தேன். இப்போது இடது ஓரக் கீ மூடிய வாய், வலது ஓரக் கீ திறந்த வாய். ஒரே கீயை மறுபடி தட்டினால் இழுப்பும் தள்ளலும் மாறி மாறி வரும். ஒவ்வொரு சாம்பிளின் தலையையும் நகம் வெட்டுவதுபோல வெட்டினேன். குறைவாக வெட்டினால் சத்தம் பிந்துகிறது. கூடுதலாக வெட்டினால் இரும்பின் முதல் கடி போய்விடுகிறது.

பிறகு கீயைத் தட்டினேன். ஒரு கணம் — அறையில் அவள் இருந்தாள்.

இதை நான் செய்தேன். எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 19
அறுவை முடிந்தது. கன்னம் வீங்கியிருக்கிறது. வாயைத் திறக்காமலே திட்டுகிறாள்.

மார்ச் 3
ஒத்திகை. எஜே கீபோர்டில். முதல் சத்தத்துக்கே துர்சுன் பைகே திரும்பி அவள் வாயைப் பார்த்தார். மூடியிருந்தது.

அப்புறம் மேடையைக் காட்டினார். "சத்தம் சரி. என் ஆட்டுக்கு என்ன, குளிர் ஜுரமா?"

மீட்டும் விரலிலிருந்துதான் ஆட்டுக்கு நூல் போகிறது. விரல் வீசினால் ஆடு துள்ளும். நூல் கட்டித்தான் இருந்தோம். ஆனால் கீயை அழுத்த வீச்சு எதற்கு? விரல் தாழ்ந்தது, ஆடு நடுங்கியது. அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், சல்தனத். அப்புறம் வேற ஆள்," என்றார் என்னிடம்.

இத்தனை நாளும் காதால் மட்டுமே வேலை செய்திருக்கிறேன். மடச்சி.

மார்ச் 4
"உசரத்திலேர்ந்து அடி, எஜே."

அடித்தாள். ஆடு துள்ளியது. சத்தமோ சம்மட்டி — ஒவ்வொரு தட்டும் உச்சத்தில். வேகமாக அடித்தால் பலமாக ஒலிக்க வேண்டும் என்பது சாம்பிளை ஒலிக்கவைக்கும் மென்பொருளான சாம்ப்ளரின் விதி. யார் போட்ட விதி? திரையில் அது ஒரு சாய்ந்த கோடு. படுக்க வைத்தேன். இனி எவ்வளவு ஓங்கினாலும் ஒரே அளவு. கூட்டுவதும் குறைப்பதும் இடது கைச் சக்கரத்தில்.

"அப்ப வலது கை ஆட்டுக்கு, இடது கை காதுக்கு," என்றாள். விரல் பழகப் பழகச் சிரிப்பு. தையல் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டும் சிரிப்பு. "ஆட்டுக்குன்னு கருவி செஞ்ச பைத்தியம் ஊர்லயே நீ ஒருத்திதான்டி."

இதைவிட நல்ல பட்டம் பல்கலைக்கழகம் தரவில்லை.

மார்ச் 6
துர்சுன் பைகே கடைசி வரை பார்த்தார். எழுந்து போய் ஆட்டின் கொம்பைச் சரிசெய்தார். பிறகு யாரிடமோ போனில்: "போஸ்டர்ல பேரு மாத்த வேணாம். மீரிம்தான்."

மார்ச் 21
நூருஸ் நாடகம். முன்வரிசைக் குழந்தைகள் ஆட்டை மட்டும் பார்த்தார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை. இவ்வளவு பெருமையாக நான் காணாமல் போனதில்லை.

ஜூன் 12
மருத்துவர் இரும்புக்கு அனுமதி கொடுத்துவிட்டார். எஜே கோமுஸை வாயில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுகிறாள். இனி கீபோர்டை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன்.

இலையுதிர்கால நாடகத்தில் இரண்டு ஆடுகளாம், ஒன்று கோமுஸுக்கு, ஒன்று கீபோர்டுக்கு. முட்டிக்கொள்ளும் காட்சி.

"என்னை நானே எதிர்த்து வாசிக்கணுமா?" என்றாள் பைகேயிடம்.

"நீ எதுக்கு? கீபோர்டை அதைச் செஞ்சவ வாசிக்கட்டும்."

"அவ ஆட்டைக் குப்புறத் தள்ளிடுவேன், பைகே. அப்புறம் அழக் கூடாது."

மதியம் ஆடு செய்யும் தச்சர் வந்து என் சுட்டுவிரலுக்கு நூல் அளவெடுத்துப் போனார்.