சோறு ஆறுது

2024 மே 6

காலையிலிருந்து வேலை செய்கிற மருந்துக்கடையில் குந்தி இருக்கக்கூட நேரமில்லை. ஊர் முழுக்கக் காய்ச்சல். வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் ஒரு புதுப் பாட்டுப் போட்டார்கள். முன் இருக்கைப் பெட்டைகள் தோளைக் குலுக்கிக்கொண்டு கூடவே பாடினார்கள்.

சோறு ஆறுது, சொதியும் ஆறுது,
எங்க நிக்கிறாய்?
ஒரு சொல் சொன்னால் என்ன குறையும்,
எங்க நிக்கிறாய்?

இது என் சொல். என் கணவர் சஞ்சீவன் மீன்பிடிக்கப் போன படகு திரும்ப வேண்டிய நாளில் திரும்பாமல், அதற்குப் பிறகும் திரும்பாமல் இருந்தபோது, குசினியில் நின்று அவருடைய போனுக்கு நான் அனுப்பிய குரல்பதிவுகள். ஒன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. நான் ‘நிக்கிறியள்’ என்றேன், பாட்டில் ‘நிக்கிறாய்’. அது ஒன்றுதான் மாறியிருக்கிறது.

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. வெயிலுக்குள் திரும்பி நடந்தேன்.

மே 7

நிசாந்தைக் கேட்டேன். கூடப்பிறந்த தம்பி. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் கிற்றார் வாசிக்கிறவன். எங்களோடுதான் இருக்கிறான். எங்களோடு என்றால், சஞ்சீவனின் அம்மா குணேஸ்வரி மாமியும் நானும்.

“சொல்ல வெளிக்கிட்டனான் அக்கா. எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்ல.”

ஹோட்டலுக்கு வந்த கொலம்பியாக்காரன் ஒருவன் மரப்பெட்டியில் ஏறியிருந்து, அந்தப் பெட்டியையே தட்டி வாசிப்பானாம். “எங்கட பைலா ஆட்டப்பாட்டு இல்லை அக்கா, இது வேற. இடுப்பு தன்ர பாட்டில எழும்பும்.” அந்தத் தாளத்தைப் பழகிக்கொண்டிருந்தபோது, முந்திக் குசினியிலிருந்து அவன் காதில் விழுந்த என் சொற்கள் வந்து அதில் ஏறிவிட்டனவாம். கொழும்பில் ஒரு பெட்டையைக்கொண்டு பாடுவித்து வெளியிட்டிருக்கிறார்கள். இப்போது கனடாவிலும் ஆடுகிறார்களாம்.

நான் அழுது குழறினதுக்கு இவைக்கு இடுப்பு எழும்புதாம்!

அடிக்கக் கை வந்தது. “மாமிக்குத் தெரியக்கூடாது” என்று மட்டும் சொன்னேன். ஏன் அவ்வளவோடு விட்டேன்?

மே 23

வெசாக் பண்டிகை. வெளிச்சக்கூடு பார்க்க நான் போகவில்லை. பாட்டு யன்னலால் வந்தது.

ஜூன் 16

சஞ்சீவனின் சித்தப்பா மகளுக்குக் கலியாணம். எனக்குப் போக மனமில்லை. மாமி விடவில்லை. “நாங்கள் போகாட்டி சனம் என்ன நினைக்கும்? என்ர பிள்ளை கடலுக்குத்தானே போனவன்.” தானே என் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டா.

போன ஆவணியில் கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து வெளிக்கிட்ட படகு. ஐந்து பேர். கடற்படை தேடியது, மற்றப் படகுகளும் தேடின. ஒரு பலகைகூட அகப்படவில்லை. பர்மாவில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்ன கதையைத்தான் மாமி பிடித்துக்கொண்டிருக்கிறா. அந்தக் கதை எனக்கும் தேவைப்படுகிறதா? சில நாள் ஓம். சில நாள் மூச்சு முட்டுகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டைப் போட்டார்கள். மாப்பிள்ளை, பெண், கிழவர், குஞ்சு குருமான் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். மாமி கதிரையில் இருந்து கை தட்டிக்கொண்டிருந்தா. ஐயோ, தெரியாமல் தட்டுறா. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கழுவி நின்றேன்.

ஜூலை 9

யூரியூப்பில் நிசாந்தின் பேட்டி. “இந்தப் பாட்டுக்குப் பின்னால ஒரு கதை இருக்காமே?” என்று கேட்கிறார்கள். இவன் சிரித்துக்கொண்டு சொல்கிறான்: “எங்கட ஊர் அக்கா ஒராள். புருசன் குடிச்சிட்டு நேரத்துக்கு வாறேல்ல. அவ பேசினதைத்தான் அப்பிடியே எழுதினனான்.”

வந்ததும் கேட்டேன். “சஞ்சீவன் எப்பவடா குடிச்சவர்?”

“உண்மையைச் சொன்னால் ஆர் அக்கா ஆடுவினம்?”

“ஆடாட்டி உனக்கென்ன?”

தோளிலிருந்த கிற்றாரை இறக்கிச் சுவரோடு சாத்தினான். பிறகு, “எனக்கு உன்னை மாதிரி அழ வரேல்ல” என்றான். “நானும் அந்தப் படகிலதானே போய் வந்தனான். சஞ்சீவண்ணாதான், உனக்கு இது சரிவராது, போய்க் கிற்றாரைப் பழகு எண்டு என்னை இறக்கி விட்டவர். அதுக்குப் பிறகுதான் இது நடந்தது. ஆக்கள் ஆடேக்க எனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும். அவ்வளவுதான்.”

எனக்குத் தெரியாது. இவன் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு திரிகிறான் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் — குடிகாரனா?

ஜூலை 10

மாமி பேட்டியைப் பார்த்துவிட்டா. பக்கத்து வீட்டு றுஷ்தா ஆசையாகக் கொண்டுவந்து போனில் காட்டியிருக்கிறாள், பாவம், அவளுக்கென்ன தெரியும்.

நிசாந்தின் உடுப்புகள் வாசலில் கிடந்தன. “என்ர பிள்ளையைக் குடிகாரன் எண்டு உலகத்துக்குச் சொன்னவனுக்கு இந்த வீட்டில இடமில்லை.”

“அது சஞ்சீவனைப் பற்றின பாட்டு எண்டு உங்களுக்கு எப்பிடி மாமி...”

“நீ குசினியில கதைச்சதைச் சுவருக்கு மற்றப் பக்கம் படுத்திருந்து ஒவ்வொரு நாளும் கேட்டனான் பிள்ளை. எனக்குத் தெரியாதா?”

“அப்ப கலியாண வீட்டில...?”

“தெரிஞ்சுதான் கை தட்டினனான். தட்டாமல் இருந்தால் சனம் என்ர முகத்தையெல்லோ பாக்கும்.”

நிசாந் உடுப்பைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். நானும் மறிக்கவில்லை.

ஜூலை 28

மாமி என்னோடும் கதைப்பது குறைவு. இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் சத்தம் போடாமல் நடக்கிறோம்.

ஆகஸ்ட் 12

நிசாந் மருந்துக்கடைக்கு வந்தான். மெலிந்துபோயிருக்கிறான். கடை முதலாளி றஊப் நானா, “உள்ளுக்குப் போய்க் கதைங்க தங்கச்சி, நான் கடையப் பாக்கிறன்” என்றார்.

வானொலியில் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே கேள்வியைத்தான் கேட்பார்களாம். “நீ சொன்னால் உண்மையைச் சொல்லுறன். வேண்டாமெண்டால் போகேல்ல.”

யோசிக்க வேணும் என்று அனுப்பிவிட்டேன். சொன்னால் என்ன ஆகும்? தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தைப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் குடிகாரனாகவே இருப்பார், பாட்டு உள்ள மட்டும்.

ஆகஸ்ட் 15

“சொல்லு. அவற்ற பேரையும் சொல்லு. மற்ற நாலு பேரையும் விடாதே” என்று நிசாந்துக்குச் சொன்னேன். மாமியிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேணுமோ?

ஆகஸ்ட் 18

ஞாயிறு. வீட்டில்தான் கேட்டோம். ரேடியோவைப் போட்டுவிட்டு, “நிசாந் கதைக்கப்போறான் மாமி” என்றேன். எழும்பிப் போவா என்று நினைத்தேன். போகவில்லை.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். படகு, ஐந்து பேரின் பெயர், நான் அனுப்பிய குரல், தன்னை இறக்கிவிட்டவர் யார் என்பது. முந்திச் சொன்னது பொய் என்றும், சஞ்சீவனின் தாயிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னான். அறிவிப்பாளர் ‘நன்றி’ என்று மட்டும் சொன்னார். பிறகு, வேறு என்ன செய்வது என்று தெரியாமலாக்கும், பாட்டைப் போட்டுவிட்டார்.

அந்தத் தாளம் எங்கள் வீட்டுக்குள். நான் நிற்பாட்ட எழும்பினேன். மாமி கையைக் காட்டி மறித்தா.

“விடு பிள்ளை. இருந்திருந்தால் அவன்தான் முதல் ஆளா ஆடியிருப்பான்.”

சொன்ன பிறகுதான் அவவுக்கே கேட்டது. *இருந்திருந்தால்.* இவ்வளவு நாளும் அந்த வாயிலிருந்து வராத சொல். என்னைப் பார்த்தா. நான் அவவைப் பார்த்தேன். பாட்டு முடிந்து விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குழறினோம். றுஷ்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

ஆகஸ்ட் 19

வேலைக்குப் போகவில்லை. தண்ணி குடிக்கிறதும் படுக்கிறதும்.

செப்டம்பர் 11

மாமி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவ, தலை நிமிராமல் சொன்னா: “அவனுக்குச் சடங்கைச் செய்வம்.”

நானும் ஒரு கொத்தை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

“முந்தியே செய்திருக்கலாம். எனக்கும் விளங்கினதுதான். செய்தால் நீ கிளிவெட்டிக்கு, உன்ர அம்மாவிட்டப் போயிடுவாய். பிறகு எனக்கு ஆர்? அதுதான் பர்மா, பர்மா எண்டு கொண்டிருந்தனான்.”

என்னைக் கட்டி வைத்திருந்தது இதுவா? கோபம் வரவேண்டும். வந்தது. அவவுடைய விரல் இலையை விட்டுவிட்டுக் காம்பை ஆய்ந்துகொண்டிருப்பதைக் கண்டதும் கோபம் இறங்கிவிட்டது.

அக்டோபர் 6

காலையில் கடற்கரையில் சடங்கு. ஐயர் தர்ப்பையில் உருவம் செய்தார். கொள்ளி வைக்க ஆர் என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சஞ்சீவனுக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. சனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது.

நிசாந் கடைசியில், தென்னையோடு ஒட்டி நின்றான். மாமி அவனைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டா. “நீதானேயடா அவனுக்குத் தம்பி. வா.”

போட்டிருந்த சேட்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். எரியும்போது அழுதான், வாயைப் பொத்தாமல், சின்னப்பிள்ளை மாதிரி. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் வீட்டில் ஆட்கள். ஒரு பெரியம்மா மாமியின் பக்கத்தில் வந்திருந்து கேட்டா: “இனி மருமகள் கிளிவெட்டிக்குப் போயிடுவா, என்ன?”

மாமி முந்தானையை இழுத்துச் சொருகினா. நான்தான் சொன்னேன்: “மாரிக்கு முதல் கூரை ஓடு மாத்தோணும் பெரியம்மா. போறதுக்கு எங்க நேரம்?”

மாமி கூரையை அண்ணாந்து பார்த்தா. பிறகு பெரியம்மாவிடம், “குசினிப் பக்கம் நல்லா ஒழுகுது” என்றா. “நிசாந்தை ஏத்தி ஒருக்காப் பாக்கச் சொல்லோணும்.”