திருப்பிப் போட்ட வாக்குத்தத்தம்

என் பிரியமுள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். அசதியாகவும் இருக்கிறேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபைப் பத்திரிகையின் புது வருஷ இதழில் போட, உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார் ஆயர். "கோயில் மணிய நேரத்துக்கு அடிச்சாரு, ஒரு ஞாயிறு தவறல, அப்படி எழுதுங்கம்மா" என்றார். நானும் பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். நல்ல வார்த்தை வரவில்லை. உங்களோடு போட வேண்டிய சண்டைதான் வருகிறது. சபையார் படித்தால் படிக்கட்டும். செத்துப்போன புருஷனோடு சண்டை போடுகிற பொம்பளை இந்த ஊரில் நான் ஒருத்திதானா?

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் வேலைக்குப் பதிலாகக் கம்பெனி கேன்டீனில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். காலை ஷிஃப்டு ஆட்கள் வருவதற்குள் வெங்காயம் உரித்து முடிக்க வேண்டும், மூட்டை மூட்டையாக. அங்கே உட்கார்ந்து அழுதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி.

ஐப்பசி மழை இந்த வருஷம் சக்கைப்போடு போட்டது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். நம் வீட்டுப் பின்சுவரில் ஓதம் ஏறி, நீங்கள் அடித்த சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக விழுகிறது. மே மாதத்தில் நம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துத் தலைவர் செத்தது நீங்கள் இருந்து பார்த்ததுதான். இன்னமும் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது நீங்கள், "நாட்டுக்கே துக்கம், நமக்கு இன்னா போ" என்று வானொலியை அணைத்தீர்கள். நமக்கென்று தனியாக ஒன்று ஆடி மாதத்தில் வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி நம் பெண் ரூபியின் சேதிக்கு வருகிறேன். சண்டையே அதில்தான்.

நம் சபை வழக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவும் இதை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அவளுக்காகச் சொல்கிறேன். புது வருஷத்தன்று ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னச் சீட்டுகள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்குத்தத்தம், அதாவது கடவுள் கொடுத்த வாக்கு, அச்சடித்திருக்கும். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொன்னது அதுதான். மாற்றக் கூடாது, திருப்பிப் போடக் கூடாது. வர முடியாதவர்களுக்கு வீட்டு ஆள் யாராவது எடுத்து வரலாம்.

போன புது வருஷத்தில் ரூபி நம் வீட்டில் படுத்துக் கிடந்தாள். வயிற்றிலிருந்த இரண்டாவதும் ஆறாம் மாதத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை படப்பையிலிருந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் விசிறிக்கொண்டிருந்தார், மார்கழிக் குளிரில். நீங்களும் நானும் மட்டும் கோயிலுக்குப் போனோம்.

உங்களுக்கு வந்தது நீடித்த நாட்களைப் பற்றிய வசனம். கண்ணை இறுக மூடித்தான் எடுத்தீர்கள், பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்குள் எவ்வளவு சந்தோஷம். பிறகு ரூபிக்காகக் கையை விட்டீர்கள். அங்கேதான் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஜெபிக்கிறீர்கள் என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏதோ ஜெயித்துவிட்டவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். "மொதல்ல வேற சீட்டு வந்துச்சி. பயப்படாத, நான் ஒன்கூட கீறேன்னு வர வசனம். ரெண்டு புள்ளய பறிகுடுத்துட்டுப் படுத்துகினு கீது, அதுக்குப் போயி இத எப்பிடிக் குடுக்கறது? தொணையா வேணும் இப்போ? புள்ள வேணும். திருப்பித் தட்டுல போட்டுட்டு, கண்ணத் தொறந்து தேடி, புள்ளைங்களக் குடுப்பேன்னு கீறத எடுத்துகினு வந்தேன்."

"ஐயோ, தப்பாச்சே" என்றேன். "இன்னா தப்பு? எல்லாம் அவரு சொன்னதுதானே, நானா எழுதினேன்?" என்றீர்கள். கோயில் மணி அடிக்கிற மனுஷன் சொல்கிறாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ரூபி அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சித்திரையில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. உங்கள் ஆட்டத்தைப் பார்க்கவேண்டுமே, "பாத்தியா, பாத்தியா" என்று அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தீர்கள். ஆடியில் ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்திலேயே சாய்ந்து போனீர்கள்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன நினைக்க? கண்ணை மூடி, முறையாக எடுத்த சீட்டு பொய்த்துவிட்டது. கண்ணைத் திறந்து, கள்ளத்தனமாக எடுத்த சீட்டு மட்டும் நிற்குமா? அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள் நம் பெண். உங்கள் திருட்டு எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். உங்கள் வாக்குக்கும் ஆண்டவர் வாக்குக்கும் நடுவில் நான் ஒருத்தி ஜாமீன் நிற்கிறேன்.

நீடித்த நாட்களைப் பற்றி ஆயரிடம் கேட்டேன். "அது நித்திய ஜீவனச் சொல்றதும்மா" என்றார். நல்ல மனுஷர், அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீட்டு எடுக்கிற அன்றைக்கு ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லையே.

மனசு தாங்காமல் கன்னியம்மாவிடம் மட்டும் உங்கள் திருட்டைச் சொல்லிவிட்டேன். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "இது ஒரு விசயமாக்கா? எங்க மாமியாரு என் கல்யாணத்துக்குக் குன்றத்தூர் கோயில்ல பூ கட்டிப் போட்டுப் பாத்துது. வெள்ள வந்தா கட்டலாம், செவப்பு வந்தா வேணாம். செவப்பு வந்துச்சி. மறுபடி போட்டுது, செவப்பு. வெள்ள வர்ற வரிக்கும் போட்டுட்டு, எடுத்துகினு எறங்கி வந்துடுச்சி. நான் நல்லாத்தான கீறேன்?" அவள் புருஷன் குடித்துவிட்டு வருகிற அழகு எனக்குத் தெரியும். ஆனாலும் சிரித்துவிட்டேன். நீங்கள் போனபிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்த நாளிலிருந்து நான் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. கோயிலில் உதடு அசையும், அவ்வளவுதான். யாராவது வெளியூர் கிளம்பினால் வாசற்படியில் நிறுத்தித் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்புவீர்களே, அது நம் வீட்டில் நின்றே போனது. பிரசவத்துக்கு நம் வீட்டில் இருக்கும் ரூபியை மாப்பிள்ளை வாரா வாரம் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பும்போது வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். நான் "பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்வேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை, ரூபி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முகமே சரியில்லை. "அம்மா, எழுந்ததுலேர்ந்து கொழந்த அசையல" என்றாள்.

கையிலிருந்த பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாது. கன்னியம்மா ஓடிப்போய் அவள் தம்பியின் டெம்போவைக் கூட்டி வந்தாள். வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. ரூபி வாசற்படியில் நின்றுவிட்டாள், தாண்ட மாட்டேன் என்கிறாள். "ஜெபம் பண்ணும்மா. அப்பா இருந்தா பண்ணாம அனுப்புவாரா? ஒரே ஒரு தபா பண்ணும்மா."

"வழியில பண்ணிக்கலாம், ஏறுடி" என்றேன். ஏறவில்லை. "எனக்கு வரலடி" என்றேன். "வராட்டி போவது, வாயத் தொற" என்றாள். பிடிவாதம் உங்களைப் போலவே.

தலையில் கைவைத்தேன். ஸ்தோத்திரம் என்று தொடங்க வேண்டும். ஜெபத்தில் ஆண்டவரை நீர், உமக்கு என்றுதான் சொல்வோம். எனக்கு அன்றைக்கு அதெல்லாம் வரவில்லை. "ஆண்டவரே, அந்தச் சீட்டு அவரு கண்ணத் தொறந்து எடுத்தது. ஒனக்குத் தெரியும். நீ குடுத்தது வேற. கூட இருக்கேன்னுதான் நீ சொன்ன, அவருக்கு அது பத்தல, திருப்பிப் போட்டுட்டாரு. அவரு பண்ணதுக்கு இந்தப் பொண்ணத் தண்டிக்காத. நீடிச்ச நாளுன்னு சொல்லிட்டு அவரக் கூட்டிகினு போன. நான் கேட்டனா? இப்பக் கேக்கறேன். இதயும் எடுத்துகினு போயிடாத." ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை.

கன்னியம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது, இத்தனை மாதம் மூடி வைத்ததை ரூபியின் காதுபடக் கொட்டிவிட்டேன் என்று. ரூபி படி தாண்டி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வயிற்றில் இருப்பதைக் காப்பாற்றப் போய், அவள் நம்பிக்கையைக் கொன்றுவிட்டேனே என்று நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், புனல் மாதிரி ஒன்றை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். இங்கே வைத்தாள், அங்கே வைத்தாள். "கேக்குது" என்றாள். பிறகு டாக்டரம்மா வந்து பார்த்தார்கள். "துடிப்பு இருக்கு. ஆனா குழந்தை வளர்ச்சி பத்தல, துடிப்பும் மெதுவாத்தான் இருக்கு. இங்கயே இருக்கட்டும். உறுதியா நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார்கள்.

அன்று மத்தியானம் கட்டிலில் படுத்திருந்தவள், சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்த மொதல் சீட்டுல நெஜமாவே இன்னா போட்டிருந்துது?"

"பயப்படாத, நான் ஒன்கூட இருக்கேன்னு" என்றேன். "அத ஒனக்குக் குடுக்க அப்பாவுக்கு மனசு வரலடி. அவரத் தப்பா நெனைக்காத."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பி, "நானா இருந்தாலும் திருப்பித்தான் போட்டிருப்பேன்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஆனா அதுவும் என் பேருக்கு வந்ததுதானம்மா. தட்டுல போட்டுட்டா இல்லன்னு ஆயிடுமா? ரெண்டும் என்னுதுதான்."

அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கும் எனக்கும் தோன்றாதது இந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியது?

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேன்டீனில் லீவு சொல்லியாயிற்று. இன்று காலையில் துடிப்பு குறைகிறது என்று டாக்டரம்மா மறுபடி வந்து பார்த்தார்கள். நாளை வரை வைத்திருக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார். தைரியமாக இருக்கிறேன் என்று எழுதினால் அது பொய். விசுவாசம் வந்துவிட்டது என்று எழுதினாலும் பாதி பொய்தான்.

ஆனால் ஒன்று எனக்குப் புரிகிறது. குழந்தை உயிரோடு கைக்கு வந்தால், நீங்கள் தேடி எடுத்த சீட்டு நின்றது என்று உங்கள் கல்லறைக்கு வந்து சொல்வேன். வராமல் போனால், நீங்கள் வேண்டாமென்று திருப்பிப் போட்டதைத்தான் அவளும் நானும் பிடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். வேறு எதைப் பிடித்துக்கொள்வது? துணையா வேண்டும் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். அது எவ்வளவு என்று இந்த வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எது நடந்தாலும் இனி வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். கோபம் வந்தால் கோபமாகவே அவரிடம் சொல்வேன். நன்றி வந்தால் அதையும் சொல்வேன். ரூபியை அவள் வீட்டுக்கு அனுப்புகிற நாளில், கையில் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தலையில் கைவைத்துத்தான் அனுப்புவேன். உங்கள் அளவுக்கு அழகாக வராது.

கதவைத் திறந்து நர்ஸ் கூப்பிடுகிறாள். "ரூபி கூட இருக்கறது யாரு?"

நான்தான். எழுந்து போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
ரூபியின் அம்மா